நூலின் வாசமும் நூலின் வாடையும்: ஏடு காத்த வரலாறு

‘நாற்றம்’ என்று யாராவது சொன்னால் இன்றைக்கு நாம் மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். பழந்தமிழில் அந்தச் சொல் நல்ல மணத்தைக் குறித்தது. பூவின் மணத்தையும் நாற்றம் என்றே புலவர்கள் பாடினார்கள். சமணத் தத்துவ நூல்களைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். உமாசுவாமி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், புற்கலம் எனப்படும் பருப்பொருள் எதற்கும் ஊறு, சுவை, நாற்றம், நிறம் ஆகிய நான்கு குணங்கள் உண்டு என்கிறது. நாற்றம் நறுநாற்றம், தீநாற்றம் என இரு வகைப்படும் என்பது உரைகாரர் விளக்கம். புத்தகமும் புற்கலம்தானே! அதற்கும் இரண்டும் உண்டு. பழைய புத்தகங்களின் தீநாற்றத்தை நம் முன்னோர் எப்படிப் போக்கினார்கள், பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள், அதில் அடியேன் எங்கே தவறினேன் என்பதை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

நான் பல்கலைக்கழகப் படி ஏறியவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். 1981-ல் பம்பாய்க்கு வந்து, மளிகைச் சரக்கு வியாபாரத்தில் காலூன்றியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபவுண்டன் நடைபாதையிலும், கிங்ஸ் சர்க்கிள் பூங்காவை ஒட்டிய நடைபாதையிலும் பழைய புத்தகம் பொறுக்குவதுதான் எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். 1936-ல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசி எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பம்பாய் நடைபாதையில் தமிழ்ச் சமண நூல்! கும்பிட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “ஏங்க, இது புத்தகமா, பீடிக்கட்டா?” என்பதுதான்.

வாடை மூன்று வகை

சரக்குக் கடையில் இருப்பவனுக்கு மூக்குதான் முதல் கணக்குப்பிள்ளை. மூட்டையில் கை விடுமுன்பே மோந்து பார்த்துவிடுவோம். அதில் மூன்று விதமான வாசம் உண்டு. ஒன்று சரக்கின் சொந்த வாசம். இரண்டாவது சரக்கு கெட்டுப்போன வாசம். மூன்றாவது பக்கத்து மூட்டை வாசம். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் சர்க்கரை மூட்டையை அடுக்கினால் சர்க்கரை நெடியேறிப் போகும். சர்க்கரை கெட்டுவிடவில்லை, வெளி வாசத்தைக் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய புத்தகத்தின் வாடையும் இப்படியேதான். காகிதம் வயதாவதால் வருவது சொந்த வாசம். ஈரத்தால் பூஞ்சை பிடித்து வருவது கெட்டுப்போன வாசம். சுருட்டுப் புகை, சமையல் நெடி, மண்ணெண்ணெய், பாச்சா உருண்டை ஆகியவற்றால் வருவது பக்கத்து மூட்டை வாசம். எந்த வாடை என்று தெரியாமல் மருந்து போடுவது, நோய் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது போலத்தான்.

முதல் வகையைப் பற்றி அறிவியலார் நல்ல ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2009-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மத்தியா ஸ்ட்ரிலிச் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 72 பழைய காகிதங்களிலிருந்து எழும் ஆவியை ஆய்ந்து, அந்த மணத்தைக் கொண்டே காகிதத்தின் உடல்நிலையைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். மரக்கூழில் உள்ள லிக்னின் சிதையும்போது வனிலா போன்ற இனிய மணம் வருகிறது. செல்லுலோஸ் சிதையும்போது பாதாம் போன்ற மணம் தரும் ஃபர்ஃபியூரால் பிறக்கிறது. காடி நெடி தருவது அசெட்டிக் அமிலம். ஆக, வாடை என்பது புத்தகம் தன் நோயைத் தானே வாய்விட்டுச் சொல்வது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பின்பகுதியில் இதுதான் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

காகிதத்துக்கு முன்

புத்தகத்துக்கு மணம் ஊட்டும் வழக்கம் மிகப் பழையது. உரோமாபுரியில் பாப்பிரஸ் சுருள்களுக்குத் தேவதாரு வகை எண்ணெய் பூசினால் புழு அணுகாது என்று விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். சீனத்தில் கசப்பான ஒரு மரப்பட்டையின் மஞ்சள் சாற்றில் காகிதத்தைத் தோய்த்தார்கள். பூச்சி வராமல் இருக்க மணமூட்டும் இலைகளை ஏட்டுக்குள் வைத்தார்கள்.

நம் நாட்டில் பனையோலையைப் பதப்படுத்தி எழுத்தாணியால் கீறி, கரியும் பச்சிலைச் சாறும் தடவினார்கள். எழுத்து கறுத்துத் தெரியும், ஓலைக்கும் காப்பாகும். புது ஏட்டுக்கு மஞ்சள் பூசுவதும் உண்டு. காய்ந்து போன ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினால் ஓலை துவளும், பூச்சியும் ஒதுங்கும். அதனால்தான் நன்றாகப் பேணிய சுவடிக்கட்டை அவிழ்த்தால் ஒரு நறுநாற்றம் வருகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளுக்கு இடையே வைப்பது வழக்கம். குஜராத்தின் சமண ஞானபண்டாரங்களிலும் வசம்புப் பொட்டலம் உண்டு. அங்கே அதற்குப் பெயர் ‘கோடாவஜ்’. நான் கடையில் கிலோக் கணக்கில் விற்ற சரக்கு, ஆயிரம் மைல் இடைவெளியில் இரண்டு ஊர்களில் நூல் காத்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வசம்பின் காட்டமும் கற்பூரத்தின் நெடியும் பெரும்பாலும் பூச்சியை அண்டவிடாமல் செய்பவை. வந்த பிறகு கொல்லுவது வேறு, வராமல் தடுப்பது வேறு. அஹிம்சையை முதல் விரதமாகக் கொண்டவர்களின் நூலகங்களில் இந்த முறை வேரூன்றியதில் வியப்பில்லை. திகம்பர முனிவர்கள் கையில் வைத்திருக்கும் மயிற்பீலியும் அதற்குத்தான். நூலை எடுக்குமுன், வைக்குமுன் பீலியால் மெல்ல வருடுவார்கள். சிற்றுயிர் இருந்தால் சேதமில்லாமல் விலகிப் போகும். தூசும் போகும்.

இரண்டு பஞ்சமிகள்

மருந்தைவிட முக்கியமானது, மருந்தை மாற்றிக் கட்டும் நாள். திகம்பரர்களாகிய எங்களுக்கு சுருத பஞ்சமி, ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள். தரசேனாசாரியர் உபதேசித்ததைக் கேட்டு புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இருவரும் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் அமைத்து முடித்த நாள் அது என்பது மரபு. அன்று ஏடுகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, புதுத்துணியில் கட்டிப் பூசை செய்வார்கள். சுவேதாம்பரர்களுக்கு ஞான பஞ்சமி, கார்த்திகை வளர்பிறை ஐந்தாம் நாள். அவர்களும் அன்று அதையேதான் செய்கிறார்கள்.

காலண்டரைப் பாருங்கள். முதலாவது மே கடைசி, ஜூன் வாக்கில் வருகிறது. மழைக்கு முன். இரண்டாவது தீபாவளி கழித்து ஐந்தாம் நாள். மேற்குக் கரையில் மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பின். மழைக்காலத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பண்டிகை! ஏட்டுக்கு ஈரம் ஏறுமுன் ஒரு தடவை, ஏறிய ஈரத்தைப் போக்க ஒரு தடவை என்று இதை வைத்துக் கொள்ளலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டிலும் சரசுவதி பூசைக்குப் புத்தகத்தைத் துடைத்து அடுக்குகிறோம். அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த ஞான பஞ்சமியைத்தான் குஜராத்தி வியாபாரிகள் ‘லாப் பாஞ்சம்’ என்று கொண்டாடுகிறார்கள். தீபாவளிக்கு மூடிய கடையை அன்று திறந்து புதுக்கணக்கு எழுதுவார்கள். என் பக்கத்துக் கடை சேட் ஒருதடவை என்னிடம் சொன்னார்: “நயினார் பாய், நாங்கள் அன்றைக்கு இரண்டு புத்தகம் திறப்போம். ஒன்று கணக்கு, ஒன்று சாஸ்திரம். இரண்டையும் மூடியே வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.” சிரித்துவிட்டு மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது.

திறக்காத ஏடு என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. ஷட்கண்டாகமத்தின் தவள உரைச் சுவடிகள் கருநாடகத்து மூடபிதிரியில் நெடுங்காலம் தரிசனத்துக்கு மட்டுமே இருந்தன. மழை மிகுந்த கடலோரப் பகுதி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கி, 1939-ல் ஹீராலால் ஜைன் பதிப்பில் முதல் தொகுதி அச்சில் வந்தது. அதற்குள் மகாபந்தப் பகுதியில் சில ஏடுகள் சிதைந்து போயிருந்தன. காத்தவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் காத்திராவிட்டால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. ஆனால் கும்பிடுவது மட்டும் போதாது என்பதை அந்த ஏடுகளே சொல்கின்றன.

இதற்கு எதிர்ச் சான்று நம் தமிழிலேயே உண்டு. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் சீவக சிந்தாமணியைத் தேடத் தொடங்கிய உ.வே. சாமிநாதையர், அந்த ஊர்ச் சமணர் வீடுகளில் அந்நூல் பாராயணமாகவே படிக்கப்பட்டு வருவதைக் கண்டார். பொருளும் அவர்களிடமே கேட்டறிந்தார். 1887-ல் நூல் அச்சேறியது. ஆண்டுதோறும் அவிழ்த்துப் படித்த ஏடு பிழைத்துக் கிடந்தது.

காகிதம் மாறியது, மருந்தும் மாறியது

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். அது நூற்றாண்டுகள் தாங்கும். 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துக் காகிதத்துக்குப் பசையேற்றும் முறையை வெளியிட்டார். 1844-ல் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி கண்டார். காகிதம் மலிந்தது. ஏழை வீட்டுக்கும் புத்தகம் வந்தது. ஆனால் படிகாரத்தால் அமிலமும், மரக்கூழால் லிக்னினும் காகிதத்துக்குள்ளேயே குடியேறின. நம் தாத்தா காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் பழுத்து, அப்பளமாய் நொறுங்குவது இதனால்தான்.

மருந்தும் மாறியது. 1820-ஐ ஒட்டி நிலக்கரித் தாரிலிருந்து நாப்தலீன் பிரித்தெடுக்கப்பட்டது. பாச்சா உருண்டை என்று நாம் சொல்வது அதைத்தான். பிறகு டி.டி.டி. வந்தது, கமாக்சின் வந்தது. நூலகங்களில் இவற்றைத் தாராளமாகத் தூவிய காலம் உண்டு. கமாக்சின் என்ற பி.எச்.சி. 1997-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நாப்தலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-ல் வகைப்படுத்தியது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பாச்சா உருண்டை பூச்சியை விரட்டலாம், ஈரத்தை விரட்டாது. பூஞ்சையின் வாடையை மூடி மறைக்கும். மறைப்பதும் போக்குவதும் ஒன்று என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

2005 ஜூலை 26

மும்பையில் இருந்தவர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. சயானில் எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த நாற்பது புத்தகங்கள் நனைந்து ஊறிவிட்டன. நீலகேசியும் அதில் ஒன்று.

1966 நவம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்து, தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கியதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றி நூல்களை வெளியே எடுத்தார்கள். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில் கூடக் காயவைத்தார்கள். நனைந்த நூலில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை கிளம்பும் என்பது உலகம் அங்கே கற்ற பாடங்களில் ஒன்று. அதனால் தூங்காமல் உட்கார்ந்தோம். தெரிந்த அச்சகத்தில் அச்சடிக்காத வெற்றுத் தாள் வாங்கி, பக்கங்களுக்கு நடுவே வைத்து, ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்தோம். பத்து நாள் இதே வேலை. மொட்டைமாடி வெயிலில் போட்ட சில புத்தகங்களின் அட்டை வளைந்து, தாள் பழுத்துப் போச்சு. வழுவழுத் தாளில் அச்சான சில ஒட்டிக் கல்லாகிவிட்டன. ஆனாலும் முப்பத்தொரு புத்தகம் பிழைத்தது. நீலகேசியும் பிழைத்தது.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. என் தாத்தா ஏட்டைப் பார்த்துத் தன் கையால் மை தொட்டுப் பெயர்த்தெழுதிய ஸ்ரீபுராணப் பகுதிகள், நான்கு நோட்டுப் புத்தகங்கள், பரண்மேல் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. தண்ணீர் அங்கே எட்டவே இல்லை. இரண்டு கை நிறையப் பாச்சா உருண்டை போட்டிருந்தேன். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. வீடு முழுக்கப் பாச்சா உருண்டை வாசம் வந்தது. அதுவே காவல் என்று இருந்தேன்.

நான்கு வருஷம் கழித்து ஒரு லாப் பாஞ்சம் அன்று, அந்தச் சேட் சொன்னது ஞாபகம் வந்து பெட்டியை இறக்கினேன். பரணுக்குப் பின்சுவர் மழைக்குக் கசிந்து கசிந்து பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. நான்கில் இரண்டு நோட்டுகள் ஒரே கட்டியாக இருந்தன. பிரித்தால் தூளாக உதிர்ந்தது. மூன்றாவதில் மை கலங்கி எழுத்து தெரியவில்லை. ஒன்றே ஒன்று மிஞ்சியது. சாக்கடையில் ஊறிய புத்தகம் பிழைத்தது, சொட்டு வெள்ளம் படாத தாத்தா கையெழுத்து போனது. அந்த நோட்டுகள் நான்கு வருஷமும் வாடையால் என்னைக் கூப்பிட்டிருக்கும். அந்தக் குரலைப் பாச்சா உருண்டையால் அமுக்கியவன் நான்.

கரியும் காற்றும்

இப்போது பலரும் என்னிடம் கேட்பதால், அனுபவத்தில் கண்ட முறையைச் சொல்கிறேன். பூஞ்சை தெரிந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் திறக்க வேண்டும். புத்தகத்தைச் சற்றே விரித்து நிறுத்தி, நிழலில், காற்றோட்டத்தில் மூன்று நான்கு நாள் வைக்கவும். வெயில் வேண்டாம், ஒளி மரக்கூழ்த் தாளைப் பழுக்க வைக்கும். நன்றாக உலர்ந்த பின் மெல்லிய தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டவும்.

பிறகு மூடியுள்ள பெரிய டப்பா ஒன்றில் ஒரு கிண்ணத்தில் கரி, இன்னொன்றில் சமையல் சோடா வைத்து, அவற்றில் படாமல் கம்பித் தட்டின்மேல் புத்தகத்தை வைத்து மூடவும். வாரம் ஒருமுறை கரியையும் சோடாவையும் மாற்றவும். மூன்று நான்கு வாரத்தில் வெளி வாடை பெரிதும் அடங்கிவிடும். கரி காற்றிலுள்ள ஆவியைத் தன்பால் ஈர்த்துப் பிடித்து வைக்கும் என்பதை 1773-லேயே ஷீலே என்ற வேதியியலார் கண்டார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் வைத்ததும் கரியைத்தான். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் அடுப்புக் கரியைவிட நன்றாக வேலை செய்யும். என் நீலகேசியின் சாக்கடை நெடி மூன்று வாரத்தில் போனது. பழைய பீடி நாற்றமும் கூடவே போனதால் என் மனைவிக்கும் மகிழ்ச்சி.

அத்தர், சென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். கறைதான் மிஞ்சும். ஓசோன் கருவியும் வேண்டாம், அது தாளையே அரிக்கும். காகிதத்தின் சொந்த வாசத்தைப் போக்கவே முயல வேண்டாம், அது முதுமையின் வாசம். பூச்சியைக் கொல்ல நூலை உறைநிலையில் வைக்கும் முறை மேல்நாட்டு நூலகங்களில் உண்டு. அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். பூச்சி மட்டுமல்ல, பூஞ்சையும் உயிர் என்று கற்றவன் நான். அவை வந்த பின் அழிப்பதைவிட, வராமல் காப்பதையே விரும்புகிறேன். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்பதால், புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, திறப்பது. அன்பர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த ஒரு பெட்டி பரண்மேல் இருக்கும். அப்பா எழுதிய நாட்குறிப்போ, பாட்டியின் பாட்டு நோட்டோ அதில் இருக்கும். பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக் கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டுக்கு இரண்டு நாள், மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, பெட்டியை இறக்குங்கள். மோந்து பாருங்கள். ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள்.

என்னிடம் மிஞ்சிய அந்த ஒரு நோட்டை இப்போது என் பேத்தி சுருத பஞ்சமி அன்று எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பக்கத்தில் ஒரு வசம்பு முடிச்சு இருக்கிறது. பாச்சா உருண்டை இல்லை.